நள்ளிரவில் இறங்கிய நாலு பேர்

1867. ஆகஸ்ட் மாதம். ராத்திரி மணி பதினொன்று.

கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்துக்கு வெளியே ஓர் அமெரிக்கக் கப்பல் நங்கூரம் போட்டு நிற்கிறது. பயணிகளில் பெரும்பாலானோர் படுத்தாகி விட்டது. நிலாவை மேகம் மறைக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு சின்னப் படகு சத்தமில்லாமல் கப்பலை விட்டு விலகுகிறது. உள்ளே நாலு பேர். வாயைத் திறந்தால் போச்சு. பிடிபட்டால் ஜெயில்!

யார் இவர்கள்? கடத்தல்காரர்களா? ஒற்றர்களா? ஏதாவது புரட்சிக் கும்பலா?

அதெல்லாம் ஒன்றுமில்லை சார். டூரிஸ்டுகள்! அவர்களுக்கு ஏதென்ஸைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பார்க்கக்கூடாது என்று கிரேக்க அரசாங்கம் சொல்லி விட்டது. அதனால் திருட்டுத்தனமாக இறங்குகிறார்கள்.

நாலு பேரில் ஒருவருக்கு வயது 31. பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். உலகம் அவரை வேறு பெயரால் அறியும் - மார்க் ட்வைன்!

அந்தப் படகு கரை சேர்வதற்குள் நாம் கொஞ்சம் நிகழ்காலத்துக்கு வந்துவிட்டுப் போகலாம்.

மத்தியதரைக் கடலில் உல்லாசக் கப்பலில் போவது இன்று நம்ம ஊர்க்காரர்களுக்கும் புதிய சமாசாரம் அல்ல. பார்சிலோனாவிலோ ஜெனோவாவிலோ ஏறுகிறார்கள். ஏழு நாள், ஐந்தாறு துறைமுகம். ராத்திரி நீங்கள் தூங்கும்போது கப்பல் ஓடுகிறது. காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே வேறொரு ஊர், சில சமயம் வேறொரு நாடு! பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமான தொல்லை கிடையாது. பெட்டி அறையிலேயே இருக்கிறது. நாம்தான் இறங்கி ஏறுகிறோம்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு கேள்வி மட்டும் காத்திருக்கும். கப்பல் கம்பெனிக்காரர்கள் ஏற்பாடு செய்கிற பஸ்ஸில் ஏறி, கொடி பிடித்த கைடுக்குப் பின்னால் நாற்பது பேரோடு ஓட்டமும் நடையுமாகப் போவதா? அல்லது கையில் ஒரு மேப், பையில் ஒரு தண்ணீர் பாட்டில், ‘நம்ம காலே நமக்குத் துணை’ என்று இறங்கி நடப்பதா?

இந்தக் கேள்விக்கு வயது 150-க்கு மேல் ஆகிறது. அதன் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

* * *

காலங்காலமாகக் கடலில் போனவன் பிழைப்புக்காகப் போனான். வியாபாரி, சிப்பாய், மாலுமி, அடிமை, புனித யாத்திரிகன். ‘சும்மா ஜாலிக்கு’ என்று கடலேறியவன் பணம் கொழுத்த ஏதாவது பிரபுவாகத்தான் இருப்பான். 1844-ல் ஆங்கில எழுத்தாளர் தாக்கரேவுக்கு (இவர் பிறந்தது நம் கல்கத்தாவில்!) பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி இலவச டிக்கெட் கொடுத்தது. அவர் ஏதென்ஸ், கான்ஸ்டாண்டிநோபிள், ஜெருசலேம், கெய்ரோ என்று சுற்றிவிட்டு வந்து புத்தகம் எழுதினார். கம்பெனிக்கு நல்ல விளம்பரம்! ஆனால் அவையெல்லாம் தபால் கொண்டு போன கப்பல்கள். ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு மாறி மாறித்தான் போனார் தாக்கரே.

ஒரு முழுக் கப்பலையே வாடகைக்குப் பிடித்து, ‘வாருங்கள், ஐந்து மாதம் ஊர் சுற்றலாம்’ என்று ஆள் சேர்த்தது 1867-ல். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த பிளைமவுத் சர்ச் வட்டாரத்தில் முளைத்த யோசனை அது. கப்பலின் பெயர் ‘குவேக்கர் சிட்டி’. இரண்டு பக்கமும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுழலும் நீராவிக் கப்பல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கடற்படைக்காகச் சண்டை போட்ட கப்பல்! இப்போது போர் முடிந்து, ஓய்வு பெற்ற மிலிட்டரிக்காரர் செக்யூரிட்டி வேலைக்குப் போகிற மாதிரி, சுற்றுலாவுக்கு வந்து விட்டது.

கட்டணம் 1,250 டாலர். அன்றைக்கு அது கொள்ளைப் பணம். 150 பேர் வரை ஏற்றுவதாகத் திட்டம். புகழ்பெற்ற பிரசங்கி ஹென்றி வார்ட் பீச்சர் வருகிறார், போர் நாயகன் ஜெனரல் ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் ஆசை காட்டினார்கள். கடைசியில் இரண்டு பேருமே வரவில்லை. பாதி இடம் காலி. வந்தவர்களில் பலர் வயதானவர்கள், பக்திமான்கள். ராத்திரியானால் கப்பலில் ஜெபக் கூட்டம்!

இந்தக் கூட்டத்தில்தான் நம்ம ஆள் மார்க் ட்வைன் போய் மாட்டிக்கொண்டார். அவருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தது சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று. போகிற இடத்திலிருந்தெல்லாம் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

1867 ஜூன் 8. குவேக்கர் சிட்டி நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே புயல். துறைமுக வாசலிலேயே நங்கூரத்தைப் போட்டு இரண்டு நாள் காத்திருந்தார்கள். ‘சகுனமே சரியில்லையே’ என்று நம்ம பாட்டிகளாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருப்பார்கள்!

* * *

இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டிய விஷயம் என்ன தெரியுமா? ‘கப்பலோடு ஒட்டிக்கொண்டு போவது’ என்ற வழக்கமே அப்போது இல்லை. கப்பல் மார்செய் துறைமுகத்தில் நிற்கும்போது ட்வைன் ரயில் ஏறி பாரிஸுக்கே போய்விட்டார். அங்கே அப்போது உலகப் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஜெனோவாவில் மறுபடியும் கப்பலை விட்டு இறங்கி மிலான், கோமோ ஏரி, வெனிஸ், ஃப்ளாரன்ஸ், பைசா என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, லிவோர்னோ துறைமுகத்தில் வந்து கப்பலைப் பிடித்தார்.

கைடுகளோடு அவர் பட்ட பாடு தனிக் கதை. பாரிஸில் அமர்த்திய கைடுவின் பெயர் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சரி, இனிமேல் உனக்கு ‘ஃபெர்குசன்’ என்று பெயர் என்றார்கள். அதற்கப்புறம் எந்த ஊரில் எந்த கைடு வந்தாலும் அவன் ஃபெர்குசன்தான்! எந்தக் கடையில் துணி வாங்கினால் தனக்குக் கமிஷன் கிடைக்குமோ அந்தக் கடை வாசலில் கொண்டு போய் நிறுத்தினார் பாரிஸ் ஃபெர்குசன். (இது நமக்குப் பழக்கமான கதைதானே? ஆக்ரா போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்!) ஜெனோவாவில் ஒரு கைடு, கொலம்பஸ் தன் கையால் எழுதிய கடிதம் என்று ஒன்றைப் பரவசத்தோடு காட்டினார். நண்பர்கள் முகத்தில் ஈ ஆடவில்லை. ‘கையெழுத்து நன்றாகவே இல்லையே’ என்று குறை சொன்னார்கள். கொலம்பஸ் சிலையைக் காட்டியபோது, ‘ஆள் செத்துப் போயிட்டாரா?’ என்று அப்பாவியாக விசாரித்தார்கள். கைடு நொந்து நூலாகி விட்டார்.

இன்னொரு வேடிக்கை லிவோர்னோவில். அந்தத் துறைமுக அதிகாரிகளுக்கு ஒரே சந்தேகம். ‘இத்தனை பெரிய கப்பல், அட்லாண்டிக் சமுத்திரத்தையே தாண்டி, சும்மா ஊர் பார்க்க வந்திருக்கிறதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?’ இவர்கள் நிச்சயம் கரிபால்டியின் ஆட்கள், மாறுவேஷத்தில் வந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, கப்பலைக் கண்காணிக்கப் போலீஸ் படகைச் சுற்ற விட்டார்கள்.

சிரிக்காதீர்கள். அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த வருஷம் கரிபால்டி, போப்பாண்டவர் ஆட்சியில் இருந்த ரோம் மீது படையெடுக்க ஆள் திரட்டிக்கொண்டிருந்தார். நவம்பரில் மென்டானா என்ற இடத்தில் சண்டையே நடந்தது. போதாக்குறைக்கு, கப்பல் பயணிகள் சிலர் கரிபால்டியை நேரில் போய்ப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு வேறு வந்திருந்தார்கள்!

ஆனால் எல்லாத் துறைமுகங்களையும் ஆட்டிப் படைத்த பயம் கரிபால்டி அல்ல. அதன் பெயர் காலரா.

* * *

1865-ல் மெக்காவுக்குப் போன ஹஜ் யாத்திரிகர்களிடையே காலரா பரவியது. அங்கிருந்து எகிப்து, அலெக்ஸாண்ட்ரியா, பிறகு மத்தியதரைக் கடலின் ஒவ்வொரு துறைமுகமாக அது கப்பலேறிப் போனது. 1866-ல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடி, இதை எப்படித் தடுப்பது என்று மாதக் கணக்கில் பேசினார்கள். 1867 கோடையில் இத்தாலியில் காலரா தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நம்ம உல்லாசக் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது!

காலராவுக்குக் காரணமான கிருமியை ஃப்ளாரன்ஸ் நகரத்து விஞ்ஞானி ஃபிலிப்போ பாச்சினி 1854-லேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதி வைத்திருந்தார். யாரும் சட்டை செய்யவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று பெரும்பாலோர் நம்பினார்கள். விளைவு? கோமோ ஏரிக் கரையில் பெல்லாஜியோ என்ற ஊரில் படகை விட்டு இறங்கிய ட்வைன் கோஷ்டியைக் கொத்தாகப் பிடித்து, ஒரு சின்ன அறைக்குள் அடைத்து, கீழேயிருந்து புகை போட்டார்கள். குழந்தைக்குச் சாம்பிராணி போடுவோமே, அந்த மாதிரி! ஒரே வித்தியாசம், வாசனை குடலைப் பிடுங்கியது.

புகை போடுவதைவிடப் பழைய வைத்தியம் ஒன்று இருந்தது. வந்தவனை ஊருக்குள் விடாமல் ஒதுக்கி வைப்பது. 1377-ல், இன்று குரோஷியாவில் டுப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா நகரம் ஒரு சட்டம் போட்டது. பிளேக் பரவிய ஊரிலிருந்து வருகிறவர்கள் நேரே நகரத்துக்குள் வரக்கூடாது. 30 நாள் வெளியே, பக்கத்துத் தீவில், இருந்துவிட்டு வர வேண்டும். பிறகு அது 40 நாளாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு ‘குவாரன்டா’. அதிலிருந்து வந்ததுதான் க்வாரண்டைன்! இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் தொழிலாளிகளை ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபம் முகாமில் நிறுத்தி, சோதித்து அனுப்பினார்களே, அதுவும் இந்த வம்சத்தில் வந்த வழக்கம்தான்.

நேப்பிள்ஸில் குவேக்கர் சிட்டியை அப்படி ஒதுக்கி வைத்தார்கள். கப்பலில் இருந்தவர்கள் வெசுவியஸ் எரிமலையைத் தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரோமிலிருந்து ரயிலில் தனியாக வந்து சேர்ந்த ட்வைனும் நண்பர்களும் சுதந்திரப் பறவைகளாக நேப்பிள்ஸ், பாம்பேய், வெசுவியஸ் என்று சுற்றி வந்தார்கள். கப்பலை விட்டுப் பிரிந்து போனவனுக்கு அதிர்ஷ்டம். கப்பலே கதி என்று கிடந்தவனுக்குச் சிறை!

அடுத்து பிரேயஸ். அங்கே எல்லோருக்குமே சிறை.

துறைமுக அதிகாரி வந்து கறாராகச் சொல்லி விட்டார். ஒன்று, கிளம்பிப் போய்விட வேண்டும். அல்லது துறைமுகத்துக்கு வெளியே 11 நாள் கப்பலை விட்டு இறங்காமல் கிடக்க வேண்டும். கேப்டன், சாமான்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்.

பயணிகளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். சாக்ரடீஸ் நடந்த ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து படித்துப் படித்து மனப்பாடமான ஊர். மேல்தளத்தில் நின்று தொலைநோக்கிக் கண்ணாடியைப் பிடித்தால் மலை மேல் பார்த்தினான் கோயிலின் தூண்கள் தெரிகின்றன. நடுவில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் போக முடியாது!

* * *

அந்தப் படகு இப்போது கரை சேர்ந்து விட்டது. ட்வைனோடு வந்த மூன்று பேரில் ஒருவர் கர்னல். மற்ற இருவர் யார் தெரியுமா? டாக்டர்கள்! க்வாரண்டைனை மீறுவதற்கு டாக்டர்களே கிளம்பியதை என்னவென்று சொல்ல?

ஊருக்குள் போகாமல், வீடுகளைச் சுற்றிக்கொண்டு பூனை மாதிரி நடந்தார்கள். நாய்கள் குரைத்தன. நோய்த் தடுப்புக்காக நிறுத்தப்பட்ட ஏதோ ஒரு கப்பலிலிருந்து நீந்திக் கரையேறியவனுக்கு ஆறு மாத ஜெயில் கிடைத்த கதை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் திரும்பவில்லை. ரோடு எது என்று தெரியாமல், அக்ரோபோலிஸ் குன்று இருக்கும் திசையைப் பார்த்து, கல்லும் முள்ளுமாகக் குறுக்கே நடந்தார்கள். வழியில் திராட்சைத் தோட்டங்கள். பசி வேறு. கை சும்மா இருக்குமா? குனிந்து பறிக்கும்போது நிழலிலிருந்து ஒரு அதட்டல். எடுத்தார்கள் ஓட்டம்!

மூச்சு வாங்கக் குன்றின் மேல் ஏறிப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. சுவர் ஏறிக் குதிக்கப் பார்த்தார்கள். சத்தம் கேட்டுக் காவலர்கள் எழுந்து வந்தார்கள். அப்புறம்? அப்புறம் என்ன, உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற அந்தச் சமாசாரம்தான். லஞ்சம்! கதவு திறந்தது.

உள்ளே போனவர்கள் பேச்சை மறந்து நின்றார்கள். நிலா உச்சியில். வெள்ளைச் சலவைக்கல் தூண்கள் நிலவொளியில் மின்னுகின்றன. காலடியில் எங்கு பார்த்தாலும் உடைந்த சிற்பங்கள், தலையில்லாத உடல்கள், உடலில்லாத முகங்கள். 1687-ல் துருக்கியர்கள் இந்தக் கோயிலை வெடிமருந்துக் கிடங்காக வைத்திருந்தார்கள். வெனிஸ்காரர்கள் சுட்ட குண்டு அதில் விழுந்து வெடித்ததில் இரண்டாயிரம் வருஷக் கட்டடம் ஒரு நொடியில் சிதறியது. மிச்சமிருந்த சிற்பங்களில் பாதியை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு பெயர்த்து லண்டனுக்குக் கொண்டு போனார். அத்தனைக்கும் பிறகும் அந்த இடம் இந்த நாலு பேரை வாயடைக்க வைத்தது.

மதில் ஓரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்கள். ஏதென்ஸ் நகரம் முழுக்க நிலா வெளிச்சத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீடும், ஒவ்வொரு ஜன்னலும் தெரிந்தன. எதைப் பார்த்தாலும் கிண்டல் செய்கிற ட்வைன், இந்த ஓர் இடத்தில் கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மனமுருகி எழுதியிருக்கிறார்.

திரும்பும் வழியில் மறுபடியும் திராட்சை. மறுபடியும் துரத்தல். இந்தத் தடவை துப்பாக்கியோடு! ஒரு தோட்டத்துக் காவல்காரன் விட்டால் அடுத்த தோட்டத்துக்காரன் பின்னாலேயே வருகிறான். விடிகிற நேரத்துக்குக் கடற்கரைக்கு வந்து, கண்ணில் பட்ட படகைக் கூப்பிட்டார்கள். அது எது என்று நினைக்கிறீர்கள்? க்வாரண்டைனை மீறுகிறவர்களைப் பிடிக்கச் சுற்றி வந்த போலீஸ் படகு!

இருட்டில் பதுங்கினார்கள். போலீஸ் படகு தப்பான திசையில் தேடிக்கொண்டு போயிற்று. அதற்குள் கப்பலிலிருந்து அவர்களுடைய படகு வந்து அள்ளிக்கொண்டு போனது. அரை மணி கழித்து இன்னும் நாலு பயணிகள் இதே ஆசையில் கரையிறங்கினார்கள். ஐந்து நிமிஷத்தில் போலீஸ் துரத்த, உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடி வந்து சேர்ந்தார்கள்.

* * *

கதையைக் கேட்கும்போது நம் மனசு யார் பக்கம்? சந்தேகமென்ன, அந்த நாலு பேர் பக்கம்தான். நானும் முதலில் படித்தபோது கை தட்டினேன்.

ஆனால் கொஞ்சம் அந்தத் துறைமுக அதிகாரியின் இடத்தில் நின்று பார்ப்போம். சரியாக 13 வருஷத்துக்கு முன், 1854-ல், கிரிமியப் போர் சமயத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இதே பிரேயஸில் இறங்கி உட்கார்ந்துகொண்டன. பிரெஞ்சு சிப்பாய்களோடு காலராவும் இறங்கியது. பிரேயஸிலிருந்து ஏதென்ஸுக்குப் பரவி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. ட்வைன் நிலவில் பார்த்து உருகிய அந்த வீடுகள் இருக்கின்றனவே, அவற்றில் எத்தனை வீடுகளில் அந்த வருஷம் பிணம் விழுந்திருக்கும்! காலரா பரவிய இத்தாலியிலிருந்து நேராக வந்த கப்பலை அந்த அதிகாரி எப்படி நம்புவார்?

நாலு பேரும் ஆரோக்கியமாக இருந்தார்கள். ஏதென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது அதிர்ஷ்டம்தான். இதே ட்வைன் அடுத்த மாதம் டமாஸ்கஸில் காலரா மாதிரியான நோய் வந்து ஒரு நாள் முழுக்கச் சுருண்டு கிடந்தார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் முதுகு சில்லிடுகிறது. ‘நான் பார்த்தே தீருவேன்’ என்கிற பயணியின் ஆசைக்கும், ‘என் ஊர் பிழைக்க வேண்டும்’ என்கிற ஊர்க்காரனின் பயத்துக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைத்தான் அன்று ராத்திரி அந்தப் படகு தாண்டியது.

இன்னொரு கோடும் உண்டு. குவேக்கர் சிட்டி பயணிகள் போன இடத்திலெல்லாம் சுத்தியலால் புராதனச் சின்னங்களை உடைத்து ‘ஞாபகார்த்தம்’ சேகரித்தார்கள். எகிப்தில் ஸ்ஃபிங்ஸின் முகத்திலேயே கை வைக்கப் பார்த்தார் ஒருவர்! தன் சக பயணிகளின் இந்தக் காரியத்தைப் புத்தகத்தில் நார் நாராகக் கிழித்திருக்கிறார் ட்வைன்.

பேரம் பேசியே பயணத்தைக் கோட்டை விட்ட கதையும் நடந்தது. கலிலேயா கடல். ஏசுநாதர் பயணம் செய்த அந்த ஏரியில் படகில் போக வேண்டும் என்பது பக்தர்களின் ஆயுட்கால ஆசை. அதற்காகத்தான் பாதி உலகம் தாண்டி வந்திருக்கிறார்கள். ஒரு படகு வந்தது. எவ்வளவு? இரண்டு நெப்போலியன், அதாவது எட்டு டாலர். ‘ரொம்ப ஜாஸ்தி, ஒன்று தருகிறோம்’ என்றார்கள். படகுக்காரன் பதிலே பேசாமல் படகைத் திருப்பிக்கொண்டு போய் விட்டான். இரண்டு தருகிறோம், அதற்கு மேலும் தருகிறோம் என்று கரையில் நின்று கத்தினார்கள். ம்ஹூம்! அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு டாலரில் பாதியை மிச்சம் பிடிக்கப் போய், 1,250 டாலர் கொடுத்து வந்த ஆசை அப்படியே போயிற்று.

1867 நவம்பர் 19. கப்பல் நியூயார்க் திரும்பியது. ட்வைனின் கடிதங்கள் 1869-ல் ‘தி இன்னசன்ட்ஸ் அப்ராட்’ என்ற புத்தகமாக வந்து விற்றுத் தள்ளின. இன்னொரு லாபமும் உண்டு. ஸ்மிர்னா விரிகுடாவில் கப்பல் நின்றபோது, சார்லஸ் லாங்டன் என்ற இளம் பயணி தன் அக்காவின் சின்னஞ்சிறு ஓவியத்தைக் காட்டினார். பார்த்த மாத்திரத்தில் ட்வைன் அவுட்! அந்த ஒலிவியா லாங்டனைத்தான் 1870-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

* * *

கப்பல் கம்பெனிகள் இதை ஒரு தொழிலாகப் பிடித்துக்கொண்டது 24 வருஷம் கழித்து. ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலினுக்கு ஒரு தலைவலி. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் பயணம் செய்ய ஆள் வருவதில்லை. பிரம்மாண்டமான கப்பல்கள் சும்மா நின்று தண்டச் செலவு வைத்தன. ‘தெற்கே வெயில் அடிக்கிறதே, அங்கே அனுப்பினால் என்ன?’ என்று யோசித்தார். 1891 ஜனவரி 22-ல் ‘அகஸ்டா விக்டோரியா’ 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலுக்குக் கிளம்பியது. பாலினும் கூடவே போனார். அமோக வெற்றி! இன்றைய உல்லாசக் கப்பல் தொழிலுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

241 எங்கே, இன்றைய கணக்கு எங்கே! ஒரே கப்பலில் ஐயாயிரம் பேர், ஆறாயிரம் பேர். அத்தனை பேரும் ஒரே காலையில் ஒரு சின்ன ஊரில் இறங்கினால் ஊர் என்னத்துக்கு ஆகும்? 2021 ஆகஸ்டில் வெனிஸ், தன் பழைய நகரத்தை ஒட்டிய கால்வாய்க்குள் பெரிய கப்பல்கள் வரவே கூடாது என்று தடை போட்டது. க்வாரண்டைனுக்கு முதல் சட்டம் போட்ட டுப்ரோவ்னிக், வரும் கப்பல்களுக்கு எண்ணிக்கை வைத்து விட்டது. அக்ரோபோலிஸில் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை. மணிக் கணக்குப் போட்டு டிக்கெட். அன்று பயம் காலராவைப் பார்த்து. இன்று பயம் நம்மைப் பார்த்து!

நடுவில் காலராவின் தம்பியும் வந்து போனான். 2020 ஆகஸ்டில், கொரோனாவுக்கு நடுவே, ஜெனோவாவிலிருந்து ஒரு பெரிய கப்பல் மறுபடி பயணம் தொடங்கியது. நிபந்தனை என்ன தெரியுமா? துறைமுகங்களில் யாரும் தனியாக ஊர் சுற்றக்கூடாது. கம்பெனி பஸ், கம்பெனி கைடு மட்டும்தான். நேப்பிள்ஸில் ஒரு குடும்பம் கூட்டத்தை விட்டு விலகித் தனியே போய்ப் பார்த்தது. திரும்பி வந்தபோது கப்பலில் ஏற்றவில்லை! ட்வைன் சுதந்திரமாகச் சுற்றிய அதே நேப்பிள்ஸ். 153 வருஷம் கழித்து, கப்பலை விட்டுப் பிரிந்தவனுக்குத்தான் தண்டனை. சரித்திரத்துக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு.

* * *

இன்றைக்கு அந்தத் தடைகள் இல்லை. நீங்கள் பிரேயஸில் இறங்கினால் திருட்டுத்தனம் தேவையில்லை. ட்வைன் வந்து போன இரண்டே வருஷத்தில், 1869-ல், பிரேயஸுக்கும் ஏதென்ஸுக்கும் ரயில் போட்டு விட்டார்கள். அதன் வாரிசுதான் இன்றைய மெட்ரோவின் முதல் தடம். அவர்கள் ராத்திரி முழுக்கத் தடுக்கி விழுந்து போன தூரத்தை இருபது நிமிஷத்தில் கடந்துவிடலாம். நேப்பிள்ஸிலிருந்து பாம்பேய்க்கு உள்ளூர் ரயில். சிவிதாவெக்கியாவிலிருந்து ரோமுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர ரயில். லிவோர்னோவிலிருந்து ஃப்ளாரன்ஸுக்கும் அப்படித்தான், கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும்.

தனியாக இறங்குகிறவர் மூன்று விஷயங்களை மட்டும் மறக்கக்கூடாது. ஒன்று, கம்பெனி பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் ரயில் தாமதமானால் காத்திருக்காது. ஆகவே கப்பல் கிளம்பும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னாலேயே துறைமுகத்தில் இருங்கள். இரண்டு, கப்பலின் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் வேறாக இருக்கலாம். எதன்படி கிளம்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று, கப்பல் நடுவில் துருக்கிக்குப் போய்விட்டு மறுபடி கிரீஸுக்கோ இத்தாலிக்கோ வந்தால், நம் பாஸ்போர்ட்டுக்குப் பல முறை நுழைய அனுமதிக்கிற ஷெங்கன் விசா வேண்டும். ஒரு முறை விசாவோடு போனால் மேல்தளத்தில் நின்று தொலைநோக்கியில் பார்க்க வேண்டியதுதான், அந்த 1867 பயணிகள் மாதிரி!

பஸ்ஸில் போகிறவரைக் குறை சொல்லவில்லை. முழங்கால் வலி உள்ளவருக்கும், பாட்டி தாத்தாவோடு போகிறவருக்கும் அதுதான் சரி. ஆனால் கால் ஒத்துழைக்கிறது என்றால், ஒரே ஒரு துறைமுகத்திலாவது தனியாக இறங்கி நடந்து பாருங்கள். வழி தவறுங்கள். யாரிடமாவது கையைக் காலை ஆட்டி வழி கேளுங்கள். ஏதாவது சந்தில் உட்கார்ந்து காபி குடியுங்கள். குவேக்கர் சிட்டியில் போன அத்தனை பேரும் ஒரே கட்டணம்தான் கட்டினார்கள். அந்தப் பிரேயஸ் ராத்திரியில் நாலு பேருக்குத்தான் ஏதென்ஸ் கிடைத்தது.

ஒன்று மட்டும். திராட்சையை மட்டும் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுங்கள்!